புதிதாக வாங்கிய கோமாளி மீனுக்கு உணவு: விற்பவர் அறிய வேண்டிய பாடம்



மளிகை, ஸ்டேஷனரி, பேன்சி சரக்குகளுடன் மீன் தீனிப் பாக்கெட்டுகளையும் நம்மில் பலர் தொங்கவிட்டு விற்று வருகிறோம். சிலர் கடையின் ஒரு பகுதியில் மீன் தொட்டிகளே வைத்திருக்கிறார்கள். சென்னை கொளத்தூரிலிருந்து சரக்கு எடுத்துச் சிற்றூர்களில் விற்பவர்களும் உண்டு. கோல்டு பிஷ், கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன்களில் நமக்குப் பழக்கம் உண்டு. ஆனால் கடல் நீர்த் தொட்டி வேறு வகை. அதில் முதன்முதலாக எல்லோரும் கேட்டு வாங்கும் மீன் கோமாளி மீன். 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ என்ற படத்திற்குப் பிறகு பிள்ளைகள் இதை ‘நீமோ மீன்’ என்றே கேட்கிறார்கள்.

ஒரு ஜோடிக் கோமாளி மீன், தொட்டி, விளக்கு, செயற்கைக் கடல் உப்பு, ஃபில்டர் எல்லாம் சேர்ந்தால் வாடிக்கையாளருக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவு. வாங்கிச் சென்ற ஒரு வாரத்தில் மீன் செத்துவிட்டால் அவர் அந்தப் பணத்தை மறப்பதில்லை, கடையையும் மறப்பதில்லை. வீட்டில் அழும் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நம்மிடம்தான் வந்து நிற்பார். புதிய மீன் சாவதற்குக் காரணங்கள் பல என்றாலும், அவற்றுள் விற்பவரின் ஒரு சொல்லால் தடுக்கக்கூடியது தீனிக் கோளாறு. “என்ன போடணும், எவ்வளவு போடணும்?” என்று அவர் கேட்கும் கேள்விக்கு நாம் சரியான விடை சொல்ல வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

1. மீனை அறிவோம்

கோமாளி மீன்களில் சுமார் 30 இனங்கள் உண்டு. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் பவளப்பாறைப் பகுதிகளில் கடற்சாமந்தி என்னும் உயிரினத்தின் கொட்டும் கரங்களுக்கிடையே இவை வாழ்கின்றன. கடைகளில் அதிகம் வருவது ஆரஞ்சு நிறத்தில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட ஒசெல்லாரிஸ் இனம். நம் கிழக்குக் கடற்கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் காணப்படுவது செபே இனம்.

கடலில் இது சைவமும் அசைவமும் கலந்து உண்ணும் மீன். நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்ணிய கோபிபாடு போன்ற மிதவை உயிரினங்கள், பாசி, கடற்சாமந்தி விட்டுவைத்த மிச்சம் ஆகியவை இதன் உணவு. வீட்டை விட்டு அதிக தூரம் போகாது. வருவதைக் கொத்தித் தின்னும். நாள் முழுதும் சிறுகச் சிறுக உண்பது இதன் இயல்பு. ஒரே நேரத்தில் மொத்தமாகக் கொட்டுவது இதற்குப் பொருந்தாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இன்னொரு செய்தி. கோமாளி மீன் குஞ்சுகள் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறி ஆதிக்கம் செலுத்தும். ஆகவே இரண்டு மீன் வைத்த தொட்டியில் பெரியது சிறியதை விரட்டிவிட்டுத் தீனியைத் தானே தின்னப் பார்க்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. கொள்முதலிலேயே பாதி வேலை

எந்தச் சரக்கானாலும் கொள்முதல் சரியாக இருந்தால் விற்பனை சரியாக இருக்கும். மீனுக்கும் அதுவே விதி. கோமாளி மீன் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, கடலில் பிடித்தது. மற்றொன்று, பண்ணையில் பொரித்து வளர்த்தது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளது. பண்ணை மீன் சிறு வயதிலிருந்தே குருணைத் தீனியைத் தின்று பழகியது. தொட்டியிலும் கண்ணாடிச் சுவரிலும் அதற்கு அச்சம் குறைவு. கடலில் பிடித்த மீனோ குருணைத் தீனியை உணவென்றே அறியாது.

இன்னொரு தீமையும் உண்டு. 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி, அலங்கார மீன்களை சயனைடு கரைசல் பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் கெட்ட வழக்கம் சில நாடுகளில் பரவியது. அப்படிப் பிடிக்கப்பட்ட மீன் பார்க்க நன்றாகவே இருக்கும். சில நாளிலோ சில வாரத்திலோ வாடிச் சாகும். ஆகவே மொத்த வியாபாரியிடம் “பண்ணை மீனா, கடல் மீனா?” என்று கேட்காமல் வாங்காதீர்கள். விலை சற்றுக் கூடினாலும் பண்ணை மீனே லாபம்.

கொள்முதல் செய்யும்போது கண் முன்னால் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தீனி விழுந்தவுடன் ஓடி வந்து கொத்தும் மீனை எடுங்கள். மூலையில் ஒதுங்கி நிற்பது, வேகமாக மூச்சு வாங்குவது, வயிறு ஒட்டி இருப்பது, உடலில் சளி படர்ந்திருப்பது ஆகியவை இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இதே சோதனையை உங்கள் வாடிக்கையாளருக்கும் நீங்கள் செய்து காட்டுங்கள். “தின்பதைப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்” என்று சொல்லும் கடைக்காரர் மேல் நம்பிக்கை தானாக வரும்.

கடைக்கு வந்த மீனை அன்றே விற்க வேண்டாம். ஒரு வாரமாவது வைத்திருந்து, ஒழுங்காகத் தின்கிறதா என்று பார்த்த பிறகு விற்பது நல்லது. வெளியூர் கொண்டு போகிறவருக்குப் பையில் கட்டும் முன் ஒரு நாள் தீனி நிறுத்த வேண்டும். வயிறு நிறைந்த மீன் பைக்குள் கழிவிட்டுத் தன் நீரைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

3. தொட்டி தயாரா?

தீனி பற்றிய பாடத்தில் தொட்டியைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். நீர் கெட்டிருந்தால் எந்த மீனும் உண்ணாது. புதிய தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீன் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்தும் மீந்த தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நன்மை தரும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் ஃபில்டரிலும் பெருக வேண்டும். இதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்றால் கல்லாவுக்கு அன்று மகிழ்ச்சி. ஒரு மாதம் கழித்து மீனை விற்றால் வாடிக்கையாளர் நிலைப்பார்.

வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், கார அளவு 8.1 முதல் 8.4, ஹைட்ரோமீட்டரில் உப்பு அடர்த்தி 1.023 முதல் 1.025 வரை இருந்தால் போதும். நீர் ஆவியானால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல நீரையே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

மளிகைக்காரர்களாகிய நம்மிடம் “சாதா உப்பைப் போடலாமா?” என்று கேட்பவர்கள் வருவார்கள். கூடாது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் ஏறத்தாழ 85 சதவீதம்தான் நாம் விற்கும் சமையல் உப்பின் சரக்கு. மீதியில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் ஆகியவை உள்ளன. அவை இல்லாமல் கடல் மீன் வாழாது. இதற்கென்று விற்கும் செயற்கைக் கடல் உப்புதான் வேண்டும்.

4. முதல் பத்து நாட்கள்

புதிய மீன் வீட்டுக்கு வந்ததும் நடக்க வேண்டியதை நாள் வாரியாகப் பார்ப்போம். இதை வெட்டி எடுத்துக் கடையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள்: பையை 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்துப் பழக்கி, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. விளக்கை அணைத்து வைக்க வேண்டும். அன்று தீனி வேண்டாம். பயணக் களைப்பில் இருக்கும் மீன் உண்ணாது. போட்ட தீனி அழுகும்.

இரண்டாம் நாள்: காலையில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகப் போட்டுப் பார்க்க வேண்டும். உறைய வைத்த மைசிஸ் இறால் அல்லது ஆர்ட்டீமியா இறால் இருந்தால் நல்லது. ஃபில்டரையும் நீரோட்ட மோட்டாரையும் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் தீனியை மீனின் அருகே விழும்படி விட வேண்டும். சொட்டு மருந்துக் குழல் போன்ற ஒரு குழல் இதற்கு உதவும். தின்றால் மகிழ்ச்சி. தின்னாவிட்டால் பத்து நிமிடத்தில் மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மோட்டாரை மறுபடி போட மறக்கக்கூடாது.

மூன்றாம், நான்காம் நாள்: ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மிகச் சிறிய அளவு. வாயில் வாங்கித் துப்பினாலும் கவலை இல்லை. சுவை பார்க்கிறது என்று பொருள். ஒன்றுமே தொடவில்லையானால் உயிருள்ள ஆர்ட்டீமியாவைக் காட்ட வேண்டும். அசையும் இரையைக் கண்டால் பசியில்லாத மீனும் கொத்தும்.

ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை: இறாலை ஆவலுடன் தின்னத் தொடங்கியிருக்கும். இப்போது குருணைத் தீனியை இறாலின் நீரில் சில நிமிடம் ஊற வைத்து, இறாலுடன் ஒன்றிரண்டு குருணை கலந்து கொடுக்க வேண்டும். இறாலின் மணம் ஏறிய குருணையை மீன் இறாலென்றே எடுக்கும்.

எட்டாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை: குருணையின் பங்கைக் கூட்டி இறாலின் பங்கைக் குறைக்க வேண்டும். பத்தாம் நாளில் பெரும்பாலான பண்ணை மீன்கள் குருணையைத் தானாகத் தின்னும். கடலில் பிடித்த மீனுக்கு இன்னும் சில வாரம் ஆகலாம்; பொறுமை வேண்டும்.

5. எந்தத் தீனி?

குருணை: தினசரி உணவுக்கு ஏற்றது. கடல் மீனுக்கென்று தயாரித்ததாக இருக்க வேண்டும். பாக்கெட்டின் பின்புறம் பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். முதலில் மீன், இறால், கணவாய் போன்றவை இருந்தால் நல்ல சரக்கு. கோதுமை மாவும் சோயாவும் முதலில் நின்றால் அது மலிவுச் சரக்கு. குருணையின் அளவு மீனின் கண்ணைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்பது எளிய விதி. 3, 4 சென்டிமீட்டர் மீனுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குருணை சரியாக இருக்கும்.

செதில் தீனி: விரலால் நொறுக்கிப் போடலாம். ஆனால் நீரில் சீக்கிரம் கரைந்து சத்தை இழக்கும். நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்க் கல்லிடுக்கில் சேர்க்கும்.

உறைந்த மைசிஸ்: சத்து நிறைந்தது. புதிய மீனைப் பழக்க இதைவிடச் சிறந்தது குறைவு.

உறைந்த ஆர்ட்டீமியா: மீன் விரும்பித் தின்னும், ஆனால் சத்துக் குறைவு. இதை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் மீன் இளைக்கும். சத்து ஏற்றியது என்று குறிப்பிட்ட வகையை வாங்க வேண்டும்.

பாசி: பொடித்த கடற்பாசி, ஸ்பைருலினா கலந்த தீனி வாரத்தில் இரண்டு மூன்று நாள் நல்லது.

கொடுக்கக்கூடாதவை: பொரி, ரொட்டித் துண்டு, சோற்றுப் பருக்கை, பிஸ்கெட் தூள். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய பெரியவர்கள் தொட்டி மீனுக்கும் போடுவார்கள். அன்போடுதான் போடுகிறார்கள், ஆனால் மாவுச்சத்து கோமாளி மீனுக்கு ஏற்காது, நீரையும் கெடுக்கும். சாக்கடைச் சேற்றில் வளரும் டியூபிஃபெக்ஸ் புழு நோய் கொண்டுவரும், அதுவும் வேண்டாம். சமையல் இறாலைப் பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் படாததாக இருக்க வேண்டும்.

6. எவ்வளவு? ஒரு வியாபாரியின் கணக்கு

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. வளரும் சிறு மீனுக்கு மூன்று வேளை. இதுவே விதி. “கொஞ்சமாகப் போடுங்கள்” என்று மட்டும் சொன்னால் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் என்பது ஒவ்வோர் அளவு. ஆகவே கணக்காகப் பார்ப்போம்.

5 சென்டிமீட்டர் கோமாளி மீனின் எடை சுமார் இரண்டரை கிராம்தான். வளரும் மீனுக்கு உடல் எடையில் 4 சதவீதம் உலர்ந்த தீனி என்று கொண்டால் நாளொன்றுக்கு 0.1 கிராம். இரண்டு மீனுக்கு 0.2 கிராம். நம் தங்க நகை வியாபார நண்பர்களின் தராசில்தான் இதை நிறுக்க முடியும். அவ்வளவு சிறியது மீனின் தேவை.

இனி அதிகமாகப் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 80 லிட்டர் தொட்டியில் மணலும் கல்லும் போக 72 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். பிள்ளை ஆசையாக ஒரு கிராம் குருணையைக் கூடுதலாகக் கொட்டிவிட்டது. நல்ல குருணையில் புரதம் 45 சதவீதம். அதாவது 0.45 கிராம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். 0.45 கிராமில் 16 சதவீதம் 0.072 கிராம், அதாவது 72 மில்லிகிராம். அது முழுவதும் அழுகி அம்மோனியாவானால், 72 லிட்டர் நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன். இருக்க வேண்டிய அளவு பூஜ்யம். கடல் நீர் காரத்தன்மை கூடியது; அந்த நிலையில் அம்மோனியாவின் நச்சுப் பகுதி நன்னீர்த் தொட்டியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பழைய தொட்டியில் பாக்டீரியா இதைச் சமாளிக்கும். புதிய தொட்டியில் ஒரே ஒரு கிராம் தீனி மீனின் உயிருக்கே ஆபத்தாகலாம். அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது தொட்டிக்கும் பொருந்துகிறது.

உறைந்த தீனியில் ஒரு கட்டி சுமார் 3 கிராம். பெரும்பகுதி நீர்தான். இரண்டு மீனுக்கு ஒரு வேளைக்குக் கால் கட்டி போதும். அதைச் சிறு கிண்ணத்தில் தொட்டி நீர் விட்டுக் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, சாற்றை ஊற்றிவிட்டுச் சதையை மட்டும் கொடுக்க வேண்டும். கட்டியை அப்படியே தொட்டியில் போடுவது தவறு. கரைத்ததை மறுபடி உறைய வைப்பதும் தவறு.

பெரிய மீன் சிறியதை விரட்டும் என்று முன்னர் சொன்னோம். ஆகவே தீனியைத் தொட்டியின் இரு மூலைகளிலும் பிரித்துப் போட வேண்டும். இரண்டும் தின்கின்றனவா என்று பார்த்த பிறகே எழுந்திருக்க வேண்டும்.

7. ஆர்ட்டீமியா பொரிக்கும் முறை

தின்ன மறுக்கும் மீனுக்கு உயிர் இரை கைகண்ட மருந்து. ஆர்ட்டீமியா உப்பளத்தில் வாழும் சிறு இறால் வகை. நாம் உப்பு வரவழைக்கும் தூத்துக்குடி உப்பளங்களிலும் இது உண்டு. இதன் முட்டைகள் உலர்ந்த நிலையில் டப்பாவில் விற்கின்றன. உலகச் சந்தைக்குப் பெருமளவு வருவது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பு ஏரியிலிருந்து. வீட்டிலேயே பொரிக்கலாம், வேண்டிய பொருள்கள் பாதி நம் மளிகைக் கடையிலேயே உள்ளன.

ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் அயோடின் கலவாத கல் உப்பைக் கரைக்க வேண்டும். தொட்டிக்குக் கூடாத கல் உப்பு இதற்குப் போதும். குஞ்சு ஒரு நாள்தானே இதில் இருக்கப் போகிறது. ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்த்தால் காரத்தன்மை சரியாகும். கால் தேக்கரண்டி முட்டை போட்டு, ஏர் பம்ப் குழாயை அடிவரை விட்டு நன்றாகக் காற்று கொப்பளிக்க விட வேண்டும். அருகில் விளக்கு எரிய வேண்டும். 26 முதல் 28 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரத்தில் பொரியும். பிறகு காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அடியில் வெளிச்சப் பக்கம் கூடும். அவற்றை மட்டும் குழாயால் எடுத்து, நெருக்கமான துணியில் வடித்து, நல்ல நீரில் அலசி உடனே கொடுக்க வேண்டும். ஓடுகள் தொட்டியில் விழக்கூடாது, அவை செரிக்காது. குஞ்சின் சத்து அதன் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. தாமதிக்கத் தாமதிக்க அது குறைந்துகொண்டே வரும்.

இது பசியைத் தூண்டும் பண்டம். முழுச் சாப்பாடு ஆகாது. மீன் தின்னத் தொடங்கியதும் மேலே சொன்ன முறைக்கு மாற வேண்டும்.

8. கடையில் சரக்கு வைக்கும் முறை

மீன் தீனியில் உள்ள மீன் எண்ணெய், வெயிலும் காற்றும் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். பழைய நிலக்கடலையில் வருவதே இதுவும். வைட்டமின் சத்து, குறிப்பாக சி வைட்டமின், டப்பா திறந்த நாளிலிருந்து குறைந்துகொண்டே வரும். ஆகவே:

வாசலில் வெயில் படும்படி தொங்கவிடாதீர்கள். அடுப்பு, ஃபிரிஜ்ஜின் பின்புறம் போன்ற சூடான இடமும் வேண்டாம்.

முதலில் வந்தது முதலில் போக வேண்டும். புதிய சரக்கைப் பின்னால் அடுக்குங்கள்.

பெரிய டப்பாவைப் பிரித்துப் பாலிதீன் கவரில் கட்டி விற்பது சரியல்ல. தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அதோடு மறைந்து போகின்றன.

உறைந்த தீனிக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். மின்தடையில் இளகி மறுபடி உறைந்த சரக்கை விற்காதீர்கள். கட்டியின் வடிவம் குலைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது இளகியது என்று அறியலாம். மனிதர் உண்ணும் ஐஸ்கிரீம், பட்டாணி இருக்கும் பெட்டியில் மீன் தீனியை வைக்கக்கூடாது. தனிப் பெட்டி வேண்டும்.

பெரிய டப்பாவை வாடிக்கையாளர் தலையில் கட்டாதீர்கள். இரண்டு மீனுக்கு நாளைக்கு 0.2 கிராம் என்று கண்டோம். 100 கிராம் டப்பா 500 நாள் வரும். அதற்குள் சத்துப் போய்விடும். திறந்த டப்பாவை மூன்று மாதத்தில் தீர்ப்பது நல்லது. அதற்கு 18 கிராம் போதும். ஆகவே 20 கிராம் டப்பாவே சரியான விற்பனை. அன்றைக்கு லாபம் குறைவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் நம் படியேறுவார்.

9. பத்து நாளாகியும் தின்னவில்லையானால்

முதலில் நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். தொட்டி நீரை ஒரு சுத்தமான பாட்டிலில் கொண்டு வந்தால் கடையிலேயே சோதித்துக் கொடுக்கலாம். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் தீனியை நிறுத்திவிட்டு, நான்கில் ஒரு பங்கு நீரை அதே உப்பு அடர்த்தியும் வெப்பமும் உள்ள புதிய கடல் உப்பு நீரால் மாற்ற வேண்டும்.

நீர் சரியாக இருந்தால் மீனைப் பார்க்க வேண்டும். உடலில் வெண்சளி உரிவது போல் படர்ந்து மூச்சு வாங்கினால் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். கோமாளி மீனுக்கு அடிக்கடி வருவது. சில நாளில் கொன்றுவிடும். உப்புத் தூவியது போல் வெண்புள்ளிகள் இருந்தால் அது வேறு ஒட்டுண்ணி. நூல் போன்ற வெள்ளைக் கழிவு தொங்கினால் குடலில் புழு இருக்கலாம். இவற்றுக்குத் தனித் தொட்டியில் வைத்து முறையான மருந்து வேண்டும். தெரியாத மருந்தைக் கடைக்காரர் ஊகித்துக் கொடுக்க வேண்டாம், அறிந்தவரிடம் அனுப்புங்கள்.

நோயும் இல்லையென்றால் பெரும்பாலும் அச்சமே காரணம். வேறு மீன் விரட்டுகிறதா, பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுகிறார்களா, ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பூண்டுச் சாற்றில் ஊற வைத்த தீனியைச் சில மீன்கள் விரும்பித் தின்கின்றன. செய்து பார்க்கலாம், ஆனால் பூண்டு நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்காதீர்கள்.

10. வாடிக்கையாளர் கேட்பவை

கேள்வி: கடற்சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாழுமா?
பதில்: நன்றாக வாழும். கடற்சாமந்திக்கு வலுவான விளக்கும் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதை விற்காதீர்கள்.

கேள்வி: மூன்று நாள் ஊருக்குப் போகிறேன். நிறையப் போட்டுவிட்டுப் போகலாமா?
பதில்: கூடாது. நன்றாகத் தின்று தேறிய வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி தாங்கும். அழுகிய தீனியைத் தாங்காது. மேலும் நாளானால், ஒரு வேளைத் தீனியை ஒவ்வொரு காகிதத்தில் மடித்துப் பக்கத்து வீட்டாரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். டப்பாவைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அழகுக்கு ராமேசுவரம் பக்கத்துப் பவளக் கல் கிடைக்குமா?
பதில்: விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஒரு கல்லுக்காகக் கடையும் தொழிலும் போய்விடும்.

கேள்வி: எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?
பதில்: ஒழுங்காக வளர்த்தால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

இந்தக் கடைசி விடையை வணிக நண்பர்கள் நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தாண்டு வாழும் மீனுக்குப் பத்தாண்டுத் தீனி வேண்டும், உப்பு வேண்டும், ஃபில்டர் பஞ்சு வேண்டும். பத்து நாளில் செத்த மீனுக்கு ஒன்றும் வேண்டாம். காலித் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு மீனுடனும் நான்கு வரியில் ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுங்கள்:

முதல் நாள் தீனி வேண்டாம்.
இரண்டு வேளை, இரண்டு நிமிட அளவு.
மிச்சத்தை எடுத்துவிடவும்.
மூன்று நாள் தின்னாவிட்டால் கடைக்கு வரவும்.

நான்காவது வரி மிக முக்கியம். மீன் செத்த பிறகு வருகிறவர் சண்டைக்கு வருகிறார். அதற்கு முன்பே வருகிறவர் யோசனை கேட்க வருகிறார். யோசனை சொல்லக் கடைக்காரர் தயாராக இருந்தால் மீனும் பிழைக்கும், வியாபாரமும் பிழைக்கும்.

பயிற்சிக் கணக்கு: ஒரு வாடிக்கையாளரிடம் 5 சென்டிமீட்டர் கோமாளி மீன் நான்கு பெரிய தொட்டிகளில் ஜோடி ஜோடியாக, மொத்தம் எட்டு உள்ளன. மூன்று மாதத்துக்கு எத்தனை 20 கிராம் டப்பா கொடுப்பீர்கள்? (விடை: நாளொன்றுக்கு 0.8 கிராம், 90 நாளுக்கு 72 கிராம், நான்கு டப்பா. நான்கையும் ஒன்றாகத் திறக்காமல் ஒன்று தீர்ந்த பின் ஒன்று திறக்கச் சொல்ல வேண்டும்.)